பியூரெட் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? வேதியியல் அளவீடுகளை ஒப்பிட, புதிதாக வருபவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் புராஜெக்ட் சீசன் வந்தால் யாராவது ஒரு மாணவர் கையில் இரண்டு பாட்டிலோடு வந்து நிற்பார். ஒன்றில் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் ஊருணித் தண்ணீர். போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் புலம்பல். இரண்டிலும் கடினத்தன்மையை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகளின் அளவை, ஒரு தடவை டைட்ரேட் செய்து (பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து), "இது 428, அது 412, அதனால் ஊருணிதான் நல்லது" என்று எழுதி வைத்திருப்பார். நான் ஒன்று மட்டும் கேட்பேன்: அந்த போர் தண்ணீரையே மறுபடி டைட்ரேட் செய்திருந்தால் என்ன வந்திருக்கும்?

பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு இரண்டு எண்களை எப்படி ஒப்பிடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கால்குலேட்டரும் பொறுமையும் போதும். கீழே வரும் தண்ணீர்க் கணக்குகள் எல்லாம் பயிற்சிக்காக நான் போட்டவை. எந்த ஊர்த் தண்ணீரின் உண்மை அளவும் இல்லை.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

பியூரெட்டைத் தொடுவதற்கு முன் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். "இந்த போர் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. "என் கையும் தோழியின் கையும் ஒரே விடையைத் தருகின்றனவா?" என்பது வேறு. "ஊருணித் தண்ணீர் போர் தண்ணீரைவிட மென்மையானதா?" என்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் மாதிரி எடுக்கும் விதம் மாறும், கணக்கும் மாறும். எண்கள் வந்த பிறகு கேள்வியைத் தேடினால், நமக்குப் பிடித்த விடைக்கு ஏற்ற கேள்விதான் கிடைக்கும்.

ஐந்து தடவை செய்யுங்கள்

முறை பலருக்கும் தெரிந்ததுதான். 50 மி.லி. தண்ணீர், பி.எச். 10-க்கு அம்மோனியா பஃபர், நிறம் மாறிக் காட்டுவதற்குச் சிட்டிகை எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பு போய்த் தெளிந்த நீலம் வரும்வரை, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசல், 0.01 மோலார். இந்தச் செறிவில் 1 மி.லி. இடிடிஏ 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அதனால் பியூரெட் அளவை 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று வந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு 200 மி.கி. என்று ஏற்கத்தக்க எல்லையையும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மி.கி. என்று உச்ச எல்லையையும் வைத்திருக்கிறது.

ஐந்து தடவை செய்ததில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 21.3, 21.5, 21.4, 21.2, 21.6 மி.லி.

சராசரி 21.4. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது? −0.1, +0.1, 0, −0.2, +0.2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.10. அதை 5-ஆல் வகுக்காமல் 4-ஆல் வகுக்க வேண்டும். சராசரியையும் இதே ஐந்து எண்களிலிருந்துதான் எடுத்தோம், அதற்கு ஒன்று செலவாகிவிட்டது. மிச்சமுள்ள 4-க்குப் புள்ளியியல் பாடநூல்களில் வரையற்ற பாகை என்று பெயர். வகுத்தால் 0.025, வர்க்கமூலம் எடுத்தால் 0.158 மி.லி. இதுதான் திட்ட விலக்கம், எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. கடினத்தன்மையாக மாற்றினால் சராசரி 428, திட்ட விலக்கம் சுமார் 3.2.

எக்செல்லில் போடுபவர்கள் கவனிக்க: திட்ட விலக்கத்துக்கு அங்கே இரண்டு சார்புகள் உண்டு. பெயர் எஸ்-இல் முடிவது மாதிரிக்கு, பி-இல் முடிவது முழுத்தொகுதிக்கு. நமக்கு எஸ். பி-ஐ எடுத்தால் உங்கள் கை இருப்பதைவிட நிதானமாகத் தெரியும்.

அடுத்து நம்பிக்கை இடைவெளி. ஐந்து எண்களை வைத்துக்கொண்டு உண்மையான சராசரி எங்கே இருக்கும் என்று சொல்ல, டி அட்டவணை வேண்டும். இதைத் தந்தவர் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வேதியியல்காரர். பார்லியும் ஹாப்ஸும் சோதிக்கும்போது அவர் கையிலும் நம்மைப் போல நாலைந்து எண்கள்தான் இருந்தன. அவ்வளவு சின்ன மாதிரிக்கு அப்போதிருந்த கணக்கு பொருந்தவில்லை. 1908-இல் கட்டுரை போட்டார். சொந்தப் பெயரில் வெளியிட ஆலை விடாததால் "ஸ்டூடன்ட்" என்று போட்டுக்கொண்டார். இன்றும் அது ஸ்டூடன்ட் டி தான்.

பாகை 4, நம்பிக்கை 95 சதவீதம் என்றால் டி மதிப்பு 2.776. அதைத் திட்ட விலக்கத்தால் பெருக்கி, 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.9 வருகிறது. ஆக விடை: 428 ± 4 மி.கி./லி. இப்போதுதான் இது ஒரு முடிவு. வெறும் 428 என்பது பியூரெட் ஒரு தடவை சொன்ன சங்கதி.

தள்ளி நிற்கும் எண்ணைத் தூக்கி எறியலாமா?

இதில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படிக்கிற காலத்தில் ஒரே தண்ணீரை ஐந்து பேர் டைட்ரேட் செய்தோம். வந்தது 22.3, 22.4, 22.4, 22.5, அப்புறம் ஒருவருக்கு மட்டும் 21.4. அவரைக் கிண்டல் செய்தோம். கியூ சோதனை அப்போதுதான் படித்திருந்த உற்சாகம் வேறு. டீனும் டிக்சனும் 1951-இல் தந்த சுலபமான சோதனை அது: சந்தேக எண்ணுக்கும் அதன் பக்கத்து எண்ணுக்கும் உள்ள இடைவெளியை, மொத்த வீச்சால் (பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தது) வகுக்க வேண்டும். இடைவெளி 0.9, வீச்சு 1.1, கியூ 0.82. ஐந்து எண்களுக்கு 95 சதவீத எல்லை 0.710. தாண்டிவிட்டது. 21.4-ஐ அடித்தோம், மிச்ச நாலின் சராசரியை எழுதி நீட்டினோம்.

ஆசிரியர் பார்த்துவிட்டு, "யார் யார் எந்த பாட்டில் இடிடிஏ எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நாலு பேரும் அலமாரியில் கிடந்த பழைய கண்ணாடி பாட்டிலில் இருந்து எடுத்திருந்தோம். 21.4 வந்தவர் அது தீர்ந்துபோனதால் புதிதாகக் கரைத்து, தரப்படுத்தி (செறிவு தெரிந்த கரைசலோடு சரிபார்த்து) பயன்படுத்தியிருந்தார். இடிடிஏ கரைசலைச் சாதாரணக் கண்ணாடியில் நெடுநாள் வைத்தால் கண்ணாடியில் இருக்கும் கால்சியத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும், வீரியம் குறையும். வீரியம் குறைந்தால் பியூரெட்டில் அதிகம் செலவாகும். அதனால்தான் பாலித்தீன் பாட்டிலில் வைக்கச் சொல்கிறார்கள். நாங்கள் அடித்துத் தள்ளியதுதான் சரியான விடை.

கியூ சோதனை பொய் சொல்லவில்லை. 21.4 மற்ற நான்கோடு சேராது என்றது, உண்மையிலேயே சேரவில்லை. எது சரி என்று அது சொல்லவே இல்லை, நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். அதனால் என் வழக்கம் இது. முதலில் நோட்டைப் பார்ப்பது: பியூரெட் மேல் புனலை எடுக்க மறந்தேனா, முனையில் காற்றுக் குமிழி இருந்ததா, பஃபர் போட்டேனா? காரணம் கிடைத்தால் சோதனையே வேண்டாம், காரணத்தை எழுதி நீக்கலாம். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு மூன்று டைட்ரேஷன் செய்வது. அதற்கும் வழியில்லை என்றால் மட்டும் கியூ, அதுவும் ஒரே ஒரு தடவை. மிச்சமுள்ள எண்கள் மேல் மறுபடி மறுபடி ஓட்டக் கூடாது.

நீக்கிய எண் நோட்டில் படிக்கும்படி இருக்க வேண்டும். ஒற்றைக் கோடு, பக்கத்தில் காரணம், தேதி. செட்டிநாட்டில் இதை நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய வீடுகளின் ஊர் இது. எந்தக் கணக்குப்பிள்ளையாவது பேரேட்டில் ரப்பர் போட்டு அழிப்பாரா?

ஒரே மாவில் ஊற்றிய பணியாரம்

இனி "ஊருணியா, போரா?" என்ற கேள்வி. பெரும்பாலான புராஜெக்டுகள் கவிழ்வது இங்கேதான், அதுவும் கணக்குக்கு முன்பே.

ஊருணியில் ஒரு பாட்டில் மொண்டு வந்து அதிலிருந்து ஐந்து டைட்ரேஷன் செய்தால், உங்களிடம் எத்தனை மாதிரி இருக்கிறது? ஒன்று. ஒரே மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் ஏழு குழியிலும் ஊற்றிவிட்டு, ஏழு வீட்டு மாவை ருசி பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? ஏழு பணியாரமும் ஒன்றுபோல இருந்தால் உங்கள் அடுப்பும் கையும் சீராக இருக்கின்றன என்று அர்த்தம். மாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எண்ணில் பார்க்கலாம். டைட்ரேஷனின் திட்ட விலக்கம் 3 மி.கி., நாளுக்கு நாள் தண்ணீரே மாறுவதால் வரும் திட்ட விலக்கம் 20 மி.கி. என்று வைப்போம். வர்க்கங்கள் 9, 400. ஒரே நாள் தண்ணீரை ஐந்து தடவை டைட்ரேட் செய்தால், சராசரியின் தடுமாற்றம் (400 + 9/5)-இன் வர்க்கமூலம், அதாவது 20. ஐந்து வெவ்வேறு நாள் எடுத்து நாளுக்கு ஒரே ஒரு டைட்ரேஷன் செய்தால் (409/5)-இன் வர்க்கமூலம், அதாவது 9. உழைப்பு அதே ஐந்து டைட்ரேஷன்தான், தடுமாற்றம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சைக்கிளில் ஊருணிக்கு நாலு நடை கூடப் போக வேண்டும், அவ்வளவே.

ஊருணி விஷயத்தில் பருவமும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் நிரம்பும்போது இருக்கும் தண்ணீரும், சித்திரை வெயிலில் ஆவியாகி உப்பு செறிந்து அடியில் கிடக்கும் தண்ணீரும் ஒன்றா? ஒரே மாதத்தில் எடுத்தால் அந்த மாதத்துக்கு மட்டும்தான் பேசலாம். தேதி, எடுத்த படித்துறை, ஆழம் மூன்றும் பாட்டில் மேலேயே எழுதப்பட வேண்டும். பாட்டில் மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும்.

இரண்டு சராசரிகளை ஒப்பிடுவது

இப்போது சின்னக் கேள்வி: என் கையும் தோழியின் கையும் ஒன்றா? அதே போர் தண்ணீரில் தோழிக்கு வந்தது 21.9, 21.5, 22.0, 21.4, 21.7. சராசரி 21.7. வர்க்கங்களின் கூட்டல் 0.26, நாலால் வகுத்தால் 0.065, திட்ட விலக்கம் 0.255.

முதலில் சிதறல்களை ஒப்பிட எஃப் சோதனை. திட்ட விலக்கங்களின் வர்க்கங்களில் பெரியதைச் சின்னதால் வகுக்க வேண்டும்: 0.065/0.025 = 2.6. இரண்டு பக்கமும் பாகை 4 இருக்கும்போது, இருமுனைச் சோதனையில் 5 சதவீத எல்லை 9.60. தாண்டவில்லை, இரண்டு சிதறல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது பார்த்தீர்களா? ஐந்து எண்களை வைத்துச் சிதறலைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது என்று அர்த்தம்.

சேர்த்தால் (0.10 + 0.26)/8 = 0.045, வர்க்கமூலம் 0.212. சராசரிகளின் வித்தியாசம் 0.3. அதை 0.212-ஆலும் (2/5)-இன் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் டி = 2.24. பாகை 8-க்கு எல்லை 2.306.

மயிரிழையில் தாண்டவில்லை. "அப்போ ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதலாமா சார்?" என்று உடனே கேட்பார்கள். கூடாது. வித்தியாசம் இருக்கிறது என்று நிரூபிக்க இந்த எண்கள் போதவில்லை என்று மட்டும் எழுதலாம். சாட்சி போதாமல் வழக்கு தள்ளுபடியானால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இங்கே டி மதிப்பைவிட வித்தியாசத்தின் நம்பிக்கை இடைவெளி அதிகம் பேசும். கடினத்தன்மையாக மாற்றினால் −0.2 முதல் 12.2 மி.கி. வரை. வித்தியாசம் பூஜ்யமாகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். 200, 600 என்ற எல்லைகளுக்கு நடுவே 430-இல் நிற்கும் தண்ணீருக்கு 12 பெரிய விஷயமில்லை. அதே 12, 595-இல் நிற்கும் தண்ணீருக்குத் தலைவலி. இதை அட்டவணை சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த 5 சதவீதக் கோடும் புள்ளியியலாளர் ஃபிஷர் வசதிக்காகப் பிடித்துவைத்தது, 2.30-க்கும் 2.31-க்கும் நடுவே இயற்கை வேலி எதுவும் போடவில்லை.

ஜோடி இருந்தால் ஜோடியாகவே வையுங்கள்

சொட்டு எண்ணும் கிட் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். லேப் டைட்ரேஷனோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று ஆறு ஊர் சுற்றி ஆறு தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகவும் அளக்கிறீர்கள். எது எந்த ஊர் என்று சொல்லாமல் கற்பனை எண்களைப் போடுகிறேன். லேப்: 182, 260, 318, 428, 540, 612. கிட்: 190, 270, 320, 440, 552, 622.

போன பகுதியில் செய்தது போல இரண்டு சராசரிகளை ஒப்பிட்டால் 390, 399. வித்தியாசம் 9. ஆனால் ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுவதால் ஒவ்வொரு வரிசையின் திட்ட விலக்கமும் 165-க்கு மேல். டி = 0.09. "கிட் அருமை" என்று எழுதிவிடுவீர்கள்.

ஜோடி ஜோடியாகக் கழியுங்கள்: 8, 10, 2, 12, 12, 10. ஆறிலும் கிட் அதிகமாகவே காட்டுகிறது! சராசரி 9, திட்ட விலக்கம் 3.74, அதை 6-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.53. டி = 5.9. பாகை 5-க்கு எல்லை 2.571. கிட் கூட்டிக் காட்டுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அதே பன்னிரண்டு எண்கள், இரண்டு விதமான கணக்கு, நேர்மாறான முடிவு. ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம் நம் கேள்வியில் இல்லவே இல்லை, கழித்ததும் அது போய்விட்டது. எக்செல் டி சோதனை செய்யும்போது "எந்த வகை?" என்று கேட்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைத் தட்டாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

மூன்றோ அதற்கு மேலோ ஊருணிகளை ஒப்பிட வேண்டுமென்றால் அவற்றை இரண்டிரண்டாக எடுத்து டி சோதனை ஓட்டாதீர்கள். ஆறு ஊருணிக்குப் பதினைந்து ஜோடி. ஒவ்வொன்றிலும் தவறாக "வித்தியாசம் உண்டு" என்று சொல்ல 5 சதவீத வாய்ப்பு. மொத்தத்தில் எங்காவது ஒன்று தவறாக வரும் வாய்ப்பு அந்த 5-ஐவிடப் பல மடங்கு. இதற்கு, எல்லாச் சராசரிகளையும் ஒரே தடவையில் ஒப்பிடும் அனோவா இருக்கிறது, எக்செல்லிலேயே கிடைக்கும். அது "எங்கோ வித்தியாசம் உண்டு" என்ற பிறகு, எங்கே என்று பார்க்க டுக்கி சோதனை.

ஆர் ஸ்கொயர் 0.9997 என்று குதிக்காதீர்கள்

நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் நிறமானி வேலைக்கு வருகிறவர்களுக்கு இது. செம்புறாங்கல் பூமி என்பதால் தண்ணீரில் இரும்பு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறைய. பினாந்த்ரோலின் சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு, 510 நானோமீட்டரில் அளக்கலாம். 0 முதல் 5 மி.கி./லி. வரை, செறிவு தெரிந்த ஆறு தரக் கரைசல்கள், கிடைத்த ஒளி உட்கவர்தல்: 0.004, 0.203, 0.401, 0.596, 0.786, 0.968.

எக்செல் நேர்கோடு போட்டு, சாய்வு 0.193, வெட்டுத்துண்டு 0.010, ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்பதன் அளவு, உச்சம் 1) 0.9997 என்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். இப்போது ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதுங்கள்: −6, 0, +5, +6, +3, −8. ஓரங்களில் கீழே, நடுவில் மேலே. தற்செயலான பிழை இப்படி அழகாக வில் மாதிரி வளையாது. உச்சியில் கோடு வளைகிறது. 0.060 காட்டும் மாதிரிக்கு இந்தக் கோடு 0.26 மி.கி. தரும், கீழ்ப்பகுதிப் புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு போட்டால் 0.28 வரும். எட்டு சதவீதம் போச்சு. உங்கள் மாதிரிகள் 1-க்குக் கீழே என்றால் தரக் கரைசல்களையும் அங்கேயே நெருக்கமாக வையுங்கள். 5-க்கு மேல் போனால் கோட்டை நீட்டாமல் மாதிரியை நீர்க்கச் செய்யுங்கள்.

எவ்வளவு குறைவாக இருந்தால் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு இரும்பு சேர்க்காத வெற்றுக் கரைசலைப் பத்துத் தடவை அளந்து, அதன் திட்ட விலக்கத்தை 3.3-ஆல் பெருக்கிச் சாய்வால் வகுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே வந்தால் "இல்லை" என்று எழுதாமல், "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று எல்லையோடு எழுத வேண்டும்.

எழுதி முடிக்கும்போது

மேலே சொன்ன எந்தச் சோதனையும் பழைய இடிடிஏ பாட்டிலைக் காட்டிக்கொடுக்காது. நாலு பேரும் ஒரே தவறைச் செய்தால் சிதறல் அழகாகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் விடை தெரிந்த ஒரு கரைசலைச் சேர்த்து ஓட்டுங்கள். 400 இருக்க வேண்டிய தரக் கரைசல் 408 ± 4 என்று வந்தால், ஒருபக்கமாக ஏதோ இழுக்கிறது. அது தீரும்வரை மற்ற எண்களுக்குப் போகாதீர்கள்.

அறிக்கையில் கால்குலேட்டர் காட்டும் எல்லா இலக்கங்களையும் இறக்க வேண்டாம். ± 4 என்றால் 428.37 என்பதில் புள்ளிக்குப் பின்னால் உள்ளது வெறும் அலங்காரம். "மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக: 428 ± 4 மி.கி./லி.; ஒரே பாட்டில், 5 டைட்ரேஷன், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி; இடிடிஏ அன்று காலை தரப்படுத்தியது" என்று ஒரே வரியில் எழுதலாம். "ஒரே பாட்டில்" என்பதை விட்டுவிடாதீர்கள். வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.